சன்னலில் கட்டிய பனிக்காலம்

பேர் என்னவோ வல்லரசுதான். ஆனால் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய அந்தச் சின்ன வீட்டில் ஆட்சி நடத்தியது அவனுடைய மகள் தேவிப்ரியா. நான்கு வயது. அப்பா எந்தச் சட்டை போட்டுக்கொண்டு ஆட்டோ எடுக்க வேண்டும், சோற்றில் ரசம் எவ்வளவு நிற்க வேண்டும், சாமி படத்துக்கு முதலில் பூவா ஊதுவத்தியா என்பதெல்லாம் அவள் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

அம்மா எழிலரசி ஜெர்மனியில் இருந்தாள். திருவண்ணாமலை டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், அந்த ஊர்ப் பாஷையைப் படித்து, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். அங்கே இன்னும் ஒரு பரீட்சை பாக்கி. அதில் தேறினால்தான் முழு நர்ஸ் என்று ஒப்புக்கொள்வார்கள், நீண்ட லீவும் அதற்கப்புறம்தான். சித்திரையில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு பொம்பளை இப்படிப் போவாளா என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வல்லரசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படித்த படிப்புக்குப் போய்ப் பார் என்று சொன்னவனே அவன்தான்.

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டமெல்லாம் வடிந்து, ஊர் மூச்சு விட்டுக்கொண்டிருந்த சமயத்தில் கூரியரில் ஒரு பார்சல் வந்தது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு எழிலரசி அனுப்பியது. உள்ளே சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய படப் புத்தகம். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் வெள்ளை. வெள்ளைக் கூரை, வெள்ளை மரம், வெள்ளை வயல். அந்த வெள்ளைக்கு நடுவில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பொம்பளை, தோளில் பையை மாட்டிக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் நடந்துகொண்டே இருந்தாள். கீழே இரண்டு வரி ஜெர்மன் எழுத்து. வல்லரசுக்கு அதில் ஒன்றும் புரியாது. வெள்ளையும் புரியாது. அவன் ஊரில் மார்கழிப் பனி என்றால் ஆட்டோ சீட்டை ஒரு துணியால் துடைத்ததும் போய்விடுகிற பனி.

இருந்தாலும் அவன் யோக்கியன். முதல் நாள் உள்ளதைத்தான் சொன்னான். அது ஐஸ், ஃப்ரிட்ஜில் இருக்கிறதே அந்த மாதிரி, அம்மா இருக்கிற ஊரில் வானத்திலிருந்து விழும் என்றான். பிள்ளை கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அக்கா ஆதிலட்சுமி போன் செய்தாள். வீட்டுக்கு முன்னால் பாதையைப் பார்த்தபடி அவளுக்கு ஒரு கடை. சோடா, மோர், தண்ணீர் பாட்டில், கற்பூரம், திருநீறு எல்லாம் விற்பாள். வல்லரசு சவாரிக்குப் போனால் பிள்ளை அவளோடுதான். காலி சோடா கிரேட்டின்மேல் ஏறி நின்று, ஐஸ்கிரீம் ஃப்ரீசரின் கண்ணாடி மூடியைத் தள்ளி, தலையை உள்ளே விட்டு, குச்சி ஐஸுகளுக்கு நடுவே “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். தூக்கி இறக்கியபோது மூக்கெல்லாம் சிவந்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்ததாம்.

வல்லரசு ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தான். பிள்ளை அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அம்மா ஐஸ் பொட்டிக்குள்ள இல்லப்பா. அவ்ளோ குளுர்ல எப்டி இருப்பாங்க?”

இதற்கு எந்த அப்பன்தான் உள்ளதைச் சொல்லுவான்? நீங்கள் சொல்லுவீர்களோ என்னவோ, வல்லரசால் முடியவில்லை. புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தை விரித்தான். மலை இருந்தது. மலைமேல் வெள்ளை. அவன் பிறந்ததிலிருந்து பார்த்த வெள்ளை ஒன்றே ஒன்றுதான், அதுதான் வாயில் வந்தது.

“அப்பா தப்பா சொல்ட்டேன் கண்ணு. இது ஐஸ் இல்ல, திருநீறு. அந்த ஊரு சாமி மலைமேல குந்திக்கினு அள்ளி அள்ளித் தூவுறாரு. திருநீறு எங்கனா குளுருமா?”

பிள்ளை விரலால் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு திருநீறு கொட்டிக் கிடக்கும்போது இந்த ஊர்க்காரர்கள் ஏன் ஒருத்தரும் நெற்றியில் வைத்துக்கொள்ளவில்லை? தலைக்குக் குல்லாய் போட்டிருக்கிறார்கள், உள்ளே வைத்திருப்பார்கள் என்று சமாளித்தான். அதிலிருந்து அவன் நாக்குக்குச் சக்கரம் முளைத்துவிட்டது.

குழந்தைகள் சறுக்கி விளையாடும் உறைந்த ஏரி ஒரு பக்கத்தில் இருந்தது. தீபத்துக்கு ஊற்றிய நெய் மிச்சமாகி ஏரியில் கொட்டிவிட்டது, விடிகாலையில் கட்டிக்கொண்டுவிட்டது என்றான். கேரட் மூக்கோடு நின்ற வெள்ளைப் பொம்மை ஊர்க்காவல் சாமி. கேரட் அதற்குப் போட்ட படையல். சிவப்புக் கோட்டுக்காரி யார் என்று அவன் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளையே அவள் முகத்தில் விரல் வைத்து, “அம்மா” என்றாள். வல்லரசு மறுக்கவில்லை. பைக்குள் என்ன என்று கேட்டாள். மருந்து, என்றான். வீடு வீடாகப் போய்த் தாத்தாக்களுக்கும் ஆயாக்களுக்கும் மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறாள்.

கடையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த ஆதிலட்சுமி, கேழ்வரகில் நெய் வழிகிறது என்றால் கேட்கிறவளுக்குப் புத்தி எங்கே போயிற்று என்றாள். கேட்கிறவளுக்கு நாலு வயசுக்கா, என்றான் வல்லரசு.

எழிலரசி இதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, சரியான கதையைச் சொல்கிறேன் என்று ஒரு நாள் போனில் உட்கார்ந்தாள். அந்தப் பொம்பளை தபால்காரி. பனியில் நடந்து எல்லாருக்கும் கடிதம் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. தேவிப்ரியா பொறுமையாக முழுவதும் கேட்டாள். போனை வைத்ததும் அப்பாவிடம் திரும்பி, “அம்மாவுக்குக் கதை தெரியல” என்றாள். அவர்கள் வீட்டில் தபால்காரி அன்றோடு செத்தாள்.

அந்த மார்கழியை நினைத்தால் வல்லரசுக்கு இன்னும் தூக்கத்தில் நடந்த மாதிரிதான் இருக்கிறது. காலையில் ஸ்பீக்கரில் பாட்டு, மலையின் பாதியை மூடிய மூட்டம், பாதையில் வெறுங்காலோடு யாராவது நடந்துகொண்டே இருப்பார்கள். பிள்ளை போர்வைக்குள் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். அவன் செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது, வேப்பமரமும் கடைப் பலகையும் மஞ்சள் வெயிலில் அப்படியே வெளுத்து, அந்த வெளுப்புக்குள் தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி நடந்து வருகிற மாதிரித் தோன்றும். கிட்டப் போனால் சிவப்புச் சேலை கட்டின யாரோ ஒரு யாத்திரைக்காரியாக இருக்கும். கதையைக் கட்டினவனே அதற்குள் குடிபோய்விட்டான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது அந்தக் கடைசிப் பக்கம். அதற்கு முந்திய பக்கத்தில் வெள்ளை அங்கங்கே கிழிந்து புல் எட்டிப் பார்த்தது. கடைசிப் பக்கத்தில் வெள்ளையே இல்லை. ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தது. சிவப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. அவள் ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வெள்ளை பூரா போனதும் அம்மா வூட்டுக்கு வந்துடுவாங்க” என்றான் வல்லரசு.

பொய் என்று அதைச் சொல்ல முடியாது. பங்குனியில் பனி உருகும், சித்திரையில் லீவு. அவனுக்குத் தெரிந்தவரை அது சத்தியம். ஆனால் பிள்ளை அதைக் குரங்குப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் எழிலரசி வீடியோவில் வருவாள். அங்கே அப்போது மத்தியானம். தேவிப்ரியா அம்மாவைப் பார்த்ததும் சொல்கிற முதல் வார்த்தை, சன்னலைக் காட்டு. எழிலரசி போனைத் திருப்புவாள். சன்னலுக்கு வெளியே சரிவு முழுக்க வெள்ளை. “இன்னும் இருக்குது” என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் பிள்ளை விளையாட ஓடிவிடுவாள். அம்மாவுக்குப் பார்க்கக் கிடைத்தது பெரும்பாலும் அவள் பின்னந்தலைதான்.

அந்தப் பிடி எவ்வளவு அழுத்தமானது என்பதை வல்லரசு ஒரு விடிகாலையில் தெரிந்துகொண்டான். கதவைத் திறந்தான். வாசல் வெள்ளையாக இருந்தது. துணி துவைக்கும் கல் வெள்ளை, துளசிச் செடி வெள்ளை, ஆட்டோவின் கூரை, சீட்டு, ஹேண்டில்பார் எல்லாம் வெள்ளை. கொஞ்ச நேரம் அவனுக்கு எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை. புத்தகத்துக்குள் வந்துவிட்டோம், இப்போது அவள் திருப்பத்தில் வருவாள் என்று மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. அப்புறம் வாசனை வந்தது. ஆதிலட்சுமி கடைக்கு வாங்கி வைத்திருந்த திருநீற்று மூட்டை காலியாகி மடிந்து கிடந்தது. பக்கத்தில் தலைமுதல் கால்வரை வெளுத்துப்போய் மகள் நின்றாள்.

ஏன் இப்படிச் செய்தாள் என்பதற்கு அவளிடம் தெளிவான பதில் இருந்தது. நம் ஊரில் வெள்ளையே இல்லை. இருந்தால்தானே போகும்? போனால்தானே அம்மா வருவாங்க?

ஆதிலட்சுமி கத்திய கத்தலில் மலைக்குரங்கெல்லாம் இறங்கி வந்திருக்கும். வல்லரசு சீட்டைத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தான். என்ன தட்டினாலும் மடிப்பிலெல்லாம் வெள்ளை. முதல் சவாரி ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம். பெரியவர் சீட்டைப் பார்த்தார், கைகூப்பினார், ஒரு சிட்டிகை எடுத்துத் தானும் இட்டுக்கொண்டு, மனைவி, மருமகள் எல்லாருக்கும் இட்டுவிட்டுத்தான் ஏறினார். அன்றைக்கு அவன் வண்டியில் ஏறிய ஒருத்தரும் பேரம் பேசவில்லை. அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அந்தச் சிரிப்பு சாயங்காலம்வரைதான். மத்தியானம் வீசிய காற்றில் வாசல் திருநீறெல்லாம் பறந்துபோயிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தேவிப்ரியா அதைப் பார்த்தாள். பீரோவிலிருந்து பட்டுப்பாவாடையை எடுத்துத் தானே கட்டிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பால் குடிக்கவில்லை, அத்தை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று பார்த்தாள். வல்லரசு வந்தபோது உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள்.

தூக்கி உள்ளே கொண்டுபோகும்போது அவனுக்குப் பயம் வந்தது. இந்தப் பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே நம்பிக் காத்திருக்கிறாள். அந்தச் சொல் பொய்த்தால் என்ன ஆவாள்? அப்பா சொல்வதை அப்புறம் எதற்கு நம்புவாள்? நம்ம ஊர் வெள்ளை கணக்கில் வராது, அம்மா சன்னலில் இருக்கிற வெள்ளை போக வேண்டும் என்று மறுநாள் புரியவைத்தான். அதோடு முடிச்சு இன்னும் இறுகியதுதான் மிச்சம்.

தையும் மாசியும் போயின. பங்குனி பிறந்து பாறை சுட ஆரம்பித்தபோது, சன்னலில் வெள்ளையின் ஓரம் கிழிய ஆரம்பித்தது. முதலில் வேலிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் திட்டு. பிறகு மரத்தடியில் ஒன்று. தேவிப்ரியா புத்தகத்தின் கடைசிக்கு முந்திய பக்கத்தைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு வீடு முழுக்க இருந்தது. ஆதிலட்சுமிகூடத் தம்பி பொண்டாட்டி வந்தால் போட்டுக்கொடுக்க வடகம் வற்றல் காயவைத்தாள்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் காலையில், ரமணாசிரமம் ஸ்டாண்டில் சவாரிக்கு நின்றிருந்தபோது எழிலரசியின் குரல் பதிவு வந்தது. பரீட்சையில் தேறவில்லை. வாய்ப் பரீட்சையில் நாக்கு உளறிவிட்டது. மறுபடி எழுதலாம், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. அதுவரை லீவு கிடையாது. சொல்லி முடித்துவிட்டு அவள் பதிவை நிறுத்த மறந்திருந்தாள். கொஞ்ச நேரம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

வல்லரசுக்கு முதலில் அவள்மேல்தான் இரக்கம் வந்தது. பாவம், தனியாகக் கிடந்து அழுகிறாள். அடுத்த நிமிஷமே பிள்ளை ஞாபகம் வந்தது. சாயங்காலம் பிள்ளை சன்னலைக் காட்டச் சொல்லுவாள். நேற்றே மூன்று திட்டு வெள்ளைதான் பாக்கி. இன்றைக்கு அதுவும் இருக்காது.

மனைவியைக் கூப்பிட்டான். ஆறுதல் சொன்னான், அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி அதைச் சொன்னான்.

“எழிலு, சன்னல்ல வெள்ளைத் துணி எதனா கட்டி வைக்கறியா?”

அவள் முதலில் முடியாது என்றாள். குழந்தையை ஏமாற்றுவதா, உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள். நீயே சொல்லு, என்றான் அவன். பூனைக்கு மணி கட்ட இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. சாயங்காலம் வீடியோவில் அவள் வந்தபோது, முதுகுக்குப் பின்னால் சன்னல் முழுக்க வெள்ளை. கட்டில்மேல் விரிக்கிற படுக்கை விரிப்பு. அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்ததால் அது பளபளவென்று நிஜப் பனியைவிட அழகாக இருந்தது. எழிலரசி குளிர்காலம் முழுக்கப் போட்டிருந்த சாம்பல் நிற ஸ்வெட்டரையும் மறக்காமல் போட்டிருந்தாள்.

தேவிப்ரியா வெகுநேரம் பார்த்தாள்.

“திரும்பவும் கொட்டிட்சா?”

“ஆமாண்டி கண்ணு. ராவெல்லாம் ஒரே கொட்டு” என்றாள் எழிலரசி. அவளால் காமிராவைப் பார்க்க முடியவில்லை.

பிள்ளை அழவில்லை. “இன்னும் இருக்குது” என்று பெருமூச்சு விட்டுவிட்டு வெளியே போனாள். கண்டம் தப்பியது என்று வல்லரசுக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது, அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் வந்த கோடையை என்ன சொல்ல. அக்னி நட்சத்திரத்தில் மலை ஒரு பெரிய தோசைக்கல்லாகக் காய்ந்தது. தார் ரோடு இளகியது. மத்தியானத்தில் கிரிவலம் போகிறவர்கள் கால் சுட்டுக் குதித்துக் குதித்து நடந்தார்கள். அந்தக் கொதிப்பின் நடுவில், தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த வீட்டுக்கு மட்டும் பனிக்காலம் வரும். அப்பாவும் மகளும் பாயில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மடித்துக் கட்டிய ஒரு விரிப்பைப் பார்ப்பார்கள். அங்கே காற்று வந்தால் பனி மெல்ல உப்பி அடங்கும். வல்லரசுக்கே சில நாள் அது துணி என்பது மறந்துபோனது. வெள்ளையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தால் நெஞ்சுக்கு இதமாக இருந்தது. பொய்க்கு அந்தக் குணமும் உண்டு. வேலைக்காரன் மாதிரி உள்ளே வந்து, கொஞ்ச நாளில் வீட்டுக்காரன் மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆடி போய் ஆவணி வந்தது. பிள்ளைக்குப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. புது வகுப்பு, புதுப் பை, புதுக் கதைகள். ஒரு நாள் எழிலரசி வல்லரசைத் தனியாகக் கூப்பிட்டாள். பிள்ளை இப்போதெல்லாம் சன்னலைக் காட்டச் சொல்வதில்லை, கவனித்தீர்களா என்று கேட்டாள். ஸ்கூல் கதை சொல்கிறாள், அத்தையைப் பற்றிச் சொல்கிறாள், சமர்த்தாகக் கை ஆட்டிவிட்டுப் போகிறாள். எப்ப வருவ என்று கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா என்றாள்.

“என்னை மறந்துட்டா. எதிர்பாக்கறத வுட்டுட்டா.”

அப்படியெல்லாம் இல்லை என்று வல்லரசு சொல்லிவிட்டான். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். புத்தகத்தைக்கூட எடுத்து வெகுநாளாகிவிட்டது, அரிசி டிரம்முக்கு மேலே கிடந்தது. எந்தக் காத்திருப்பைக் காப்பாற்ற இவ்வளவு நாடகம் ஆடினார்களோ, அந்தக் காத்திருப்பே போய்விட்டதா? ஊர் சொன்னதுதான் நடந்துவிட்டதா, பெற்றவள் பிள்ளைக்கு அந்நியமாகிவிட்டாளா? அன்றிரவு அவனுக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை அழைத்து வரும்போது கேட்டுவிட்டான். அவள் வழக்கம்போல முன்சீட்டில் அவன் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்து, ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தாள். மலைமேல் கருமேகம் இறங்கி, பாதை முழுக்க மண்வாசனை. அவன் சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டான், இப்போதெல்லாம் ஏன் அம்மாவிடம் சன்னலைக் காட்டச் சொல்வதில்லை என்று.

“அது பெட்சீட்டுப்பா.”

வல்லரசு பிரேக்கை மிதித்தான். பின்னால் பைக்கில் வந்தவன் திட்டிவிட்டுப் போனான். ஆட்டோவை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, எப்போது தெரியும் என்று கேட்டான்.

“மாம்பழம் துன்னப்பவே தெரியும். மடிச்ச கோடு இருக்குது. அப்பறம் அது ஆடுது. திருநீறு எங்கனா ஆடுமா?”

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். அவனுக்கே அவன் குரல் அந்நியமாக இருந்தது. தேவிப்ரியா பல் ஆட்டுவதை நிறுத்தினாள். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி அவனைப் பார்த்தாள்.

“அம்மா கஷ்டப்பட்டுக் கட்டியிருக்காங்க. தெரிஞ்சிபோச்சுன்னு சொன்னா அழுவாங்க. சன்னலைக் காட்டுன்னா பாவம், எட்ட நின்னு எட்ட நின்னு காட்டறாங்க, அதான் கேக்கறதில்ல. நீயும் சொல்லிடாத.”

ஏமாந்தது யார் என்று இப்போது நீங்களே சொல்லுங்கள். மாம்பழக் காலத்திலிருந்து இந்த ஆவணிவரை, இரண்டு பெரிய மனுஷர்கள் ஒரு குழந்தைக்காகப் பனிக்காலம் நடத்திக்கொண்டிருந்தார்கள். குழந்தை அவர்களுக்காக அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வல்லரசு ஹேண்டில்பாரில் தலையை வைத்து அழுதான். மழை பிடித்துக்கொண்டதால் பாதையில் போனவர்கள் யாரும் கவனிக்கவில்லை. பிள்ளை அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

சாயங்காலம் விளக்கு வைத்தார்கள். போன் அடித்தது. எழிலரசி சாம்பல் ஸ்வெட்டரில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் வெள்ளை. சாப்ட்டியா, பல்லு எப்படி இருக்குது என்று ஆரம்பித்தாள். வல்லரசு போனை வாங்கிக்கொண்டான். அவன் சொல்லப்போகிறான் என்பதைப் புரிந்துகொண்டு தேவிப்ரியா அவன் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். கிள்ளினால் கிள்ளட்டும்.

“எழிலு, அதை எடுத்துடு. அவளுக்கு ரொம்ப நாளாவே தெரியும்.”

எழிலரசி அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்றுகூட அவன் நினைத்தான். பிறகு அவள் எழுந்தாள். கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். விரிப்பு ஒரு பக்கமாகச் சரிந்து, இன்னொரு பக்கமும் சரிந்து தரையில் விழுந்தது. சன்னலுக்கு வெளியே பச்சையாகச் சரிவு. கம்பியில் யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு மாடு படுத்துக்கொண்டு அசைபோட்டன. பஸ் ஒன்று வந்து நின்றுவிட்டுப் போனது. அம்மா இருக்கிற ஊர் அவ்வளவுதான்.

எழிலரசி திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாது கண்ணு, பரீட்சை வைக்க இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் தேறுவேனா தெரியாது, அதனால்தான், என்று சொல்லிக்கொண்டே போனாள். வார்த்தை பாதியும் அழுகை பாதியும் வந்தது.

தேவிப்ரியா அவன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். மாடுகளைப் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பார்க்கவில்லை. முகத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, அம்மாவையே பார்த்தாள்.

“ஸ்வெட்டரக் கழட்டும்மா” என்றாள். “எவ்ளோ நாளா வேர்க்குது உனக்கு.”

எழிலரசி கையை எடுத்துவிட்டு மகளைப் பார்த்தாள். பிறகு ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. தேவிப்ரியா போனின் திரையைப் பாவாடை நுனியால் துடைத்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டாள். அன்று அவள் விளையாட ஓடவில்லை.